ஓதற்பிரிவும் 20 மணி நேரமும்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், பழனிசெட்டிபட்டி வரையிலான சிறு தொலைவுக்குள் வெளிநாட்டுக் கல்விக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத் தட்டிகளை எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல்கள் போதவில்லை. முன்பெல்லாம் இதே இடங்களில் நகைக்கடைகளும் பொறியியல் கல்லூரிகளும் நின்றன. இப்போது இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, ஜெர்மனி. நாடு எதுவானாலும், கொடி எதுவானாலும், எல்லாத் தட்டிகளிலும் மாறாமல் இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு: 'படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்.'

தமிழ் கற்பிப்பவர்களுக்கு ஒரு தொழில்நோய் உண்டு. எந்தத் தொடரைக் கண்டாலும் எச்சம் எது, முற்று எது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றிவிடும். இத்தொடரில் 'படித்துக்கொண்டே' என்பது எச்சம். 'சம்பாதிக்கலாம்' என்பதே முற்று. மாணவர் விசா வழங்கும் நாடுகளின் சட்டமோ இதே தொடரைத் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறது. அங்கே படிப்புதான் முற்று. வேலை எச்சம், அதுவும் மணிக்கணக்கில் அளந்து கொடுக்கப்பட்ட எச்சம். பிள்ளையை அனுப்பும் குடும்பம் தட்டியின் இலக்கணத்தை நம்பிக் கடன் வாங்குகிறது. போய் இறங்கும் பிள்ளை சட்டத்தின் இலக்கணத்துக்குள் வாழ வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் என்ன விலை கேட்கிறது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

விதிகளை முதலில் பார்த்துவிடலாம். பிரிட்டனில் பட்டப்படிப்பும் அதற்கு மேலும் பயிலும் வெளிநாட்டு மாணவர் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 12 மணி நேரமும் மறுவாரம் 28 மணி நேரமும் உழைத்துவிட்டுச் சராசரி 20தானே என்று வாதிட இயலாது. ஊதியமில்லாத வேலையும் இக்கணக்கில் சேரும். சொந்தத் தொழில் கூடாது. ஆகவே, சுயதொழில் என்ற பெயரில் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் வேலையும் கூடாது. விடுமுறையில் முழுநேரம் உழைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சேர்வது ஓராண்டு முதுகலைப் படிப்பில். அதில் கோடைக்காலம் ஆய்வேடு எழுதும் காலம்; அதாவது சட்டத்தின் கண்ணில் அது விடுமுறையே அன்று. தேர்வு முடிந்தது, வகுப்பு இல்லை, இனி மூன்று மாதம் முழுநேரம் உழைத்துக் கட்டணப் பாக்கியை அடைத்துவிடலாம் என்று எண்ணும் மாணவர் அறியாமலேயே விதியை மீறியவராகிவிடுகிறார். முகவரின் அலுவலகத்தில் இந்த நுணுக்கத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம். கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள். அமெரிக்காவில் முதலாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலைக்குப் போகவே முடியாது; வளாகத்துக்குள் பருவ காலத்தில் 20 மணி நேரம். இந்நாடுகளைக் கடிந்துகொள்ளும் முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நாகரிகம். மாணவர் விசாவில் இந்தியா வந்து படிக்கும் வெளிநாட்டவருக்கு நம் அரசு ஒரு மணி நேர வேலைக்கும் அனுமதி தருவதில்லை.

இனி, கணக்கு. பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுன். 20 மணி நேரத்துக்கு 244.20 பவுன். ஆண்டின் 52 வாரங்களிலும் ஒரு வாரமும் விடாமல், காய்ச்சல் தலைவலி இல்லாமல் உழைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1058 பவுன் வரும். அதே அரசு, விசா கோரும் மாணவர் தம் வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்ட வேண்டிய தொகையை 2025 ஜனவரியில் லண்டனுக்கு வெளியே மாதம் 1136 பவுன் எனவும், லண்டனில் 1483 பவுன் எனவும் நிர்ணயித்தது. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சட்டத்தின் மனம் விளங்கும். அனுமதிக்கப்பட்ட வேலை முழுவதையும் செய்தாலும், உயிர்வாழ இவ்வளவு வேண்டும் என்று அந்த அரசே சொல்லும் தொகையை எட்ட முடியாது. கல்விக் கட்டணம் இதற்கு வெளியே. ஆக, வேலையால் வாழ்வு நடக்கும் என்று அச்சட்டம் ஒருபோதும் வாக்களிக்கவில்லை. வாக்களித்தது கம்பம் சாலையின் தட்டி.

இங்கே என்ன நடக்கிறது? கல்விக் கடனுக்கான வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 இலட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்துப் பிணை வேண்டும். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் தோட்டத்துப் பத்திரத்தைக் கொண்டுவருகிறார். (கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டோடு விலையும் வந்ததா என்பது தனிக் கட்டுரைக்குரியது.) தோட்டம் இல்லாதவர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவருகிறார். 20 இலட்சம் கடன், 11 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் வட்டி மட்டும் மாதத்துக்கு 18,333 ரூபாய். பிரிட்டனின் விதிப்படி வாழ்க்கைச் செலவுத் தொகை தொடர்ந்து 28 நாள்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள்களுக்கு மட்டும் பணம் புரட்டித் தந்து வட்டி வாங்கிக்கொள்வோரும் உண்டு. 29ஆம் நாள் அந்தப் பணம் வந்த வழியே திரும்பிவிடும். தாளில் வசதியுள்ளவராகக் காட்டப்பட்ட மாணவர் விமானம் ஏறும்போது கையில் ஒரு மாத வாடகையோடு ஏறுகிறார். முதல் வாரத்திலேயே வேலை தேட வேண்டும். 20 மணி நேரம் போதாது என்பதை முதல் மாதத்திலேயே கண்டுகொள்ள வேண்டும்.

இலக்கியம் வாசிக்கும் நண்பர்களுக்குத் தொல்காப்பியத்தை நினைவூட்டத் தேவையில்லை. அகத்திணையியல் பிரிவுகளை வகுக்கும்போது ஓதற்பிரிவையும் பொருள்வயிற் பிரிவையும் தனித்தனியே வைக்கிறது. ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்று அது வரையறுப்பதும் தெரிந்ததே. கல்விக்காகப் பிரிபவன் பொருளைப் பற்றிக் கவலைப்படாதவன். பொருளுக்காகப் பிரிபவன் வேறொருவன். கற்பியல், கல்விப் பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது என்று கால எல்லையும் விதிக்கிறது. கடல் கடந்த செலவு பெண்ணுடன் நிகழ்வதில்லை என்று பொருள்படும் நூற்பா ஒன்றும் உண்டு. உரையாசிரியர்கள் அதற்கு வேறு பொருளும் கூறுவர். பிரிட்டன் 2024 ஜனவரி முதல் தொடங்கும் பாடவழி முதுகலைப் படிப்புகளுக்குத் துணைவரையும் குழந்தைகளையும் அழைத்துவரலாகாது என்று விதித்தபோது நமக்கு அந்த நூற்பாதான் நினைவுக்கு வந்தது. இலண்டன் உள்துறையில் யாரும் இளம்பூரணரைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

வேடிக்கை ஒருபுறமிருக்க, இதில் கவனிக்கத்தக்க ஒற்றுமை ஒன்றிருக்கிறது. இன்றைய மாணவர் விசாச் சட்டமும் ஓதற்பிரிவு உயர்ந்தோர்க்கு உரியது என்றே நினைக்கிறது. கட்டணமும் சாப்பாடும் வாடகையும் வீட்டிலிருந்து வந்துவிடும். மாலையில் சில மணி நேரம் அனுபவத்துக்காக, கைச்செலவுக்காக ஒரு வேலை. அச்சட்டம் கற்பனை செய்துவைத்திருக்கும் மாணவர் இத்தகையவர். நம் பள்ளத்தாக்கிலிருந்து போகிறவரோ ஓதலுக்கும் பொருளுக்குமாக ஒரே பயணத்தில் பிரிகிறவர். தொல்காப்பியர் இரண்டாக வகுத்ததை அவர் ஒரே உடம்பில் சுமக்கிறார். ஓதற்பிரிவுக்கு எழுதிய விதியைக் கொண்டு பொருள்வயிற் பிரிவை அளந்தால் அளவு எப்படிப் பொருந்தும்?

மாணவரின் படிப்பைக் காக்கவே இந்த மணிக்கணக்கு என்று அரசுகள் கூறுகின்றன. இந்த நியாயத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. இரவெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலை வகுப்பில் உட்காரும் மாணவரின் தலை எங்கே சாயும் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் அரசுகளின் நடத்தை இந்த நியாயத்தோடு ஒத்துப்போவதில்லை. பெருந்தொற்றுக்குப் பின் ஆள் பற்றாக்குறை வந்தபோது ஆஸ்திரேலியா 2022 ஜனவரியில் மணி வரம்பைத் தளர்த்தியது. 2023 ஜூலையில் மீண்டும் கொண்டுவந்தது. கனடா 2022 நவம்பரில் வரம்பை நீக்கி, 2024 ஏப்ரல் வரை அப்படியே விட்டுவைத்தது. அந்த மாதங்களில் மாணவர்களின் படிப்புக்குக் காவல் தேவைப்படாமல் போயிற்றா? கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கை தேவைப்பட்டது, அவ்வளவுதான். வரம்பில்லாத அக்காலத்தில் வெளிநாட்டு மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டி உழைத்தனர் என்று 2023 டிசம்பரில் கனடா அரசே கூறியது. தேவை எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. வரம்பு திரும்ப வந்ததும் அத்தேவை ஆவியாகிவிடுவதில்லை. கணக்கில் வராத இடத்துக்குப் போய்விடுகிறது.

நம்மிடம் பயின்று இங்கிலாந்துக்குச் சென்ற மாணவர் ஒருவர் அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார். ஊரையும் கடையையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. தமிழர் ஒருவரின் கடையில் வேலை. அவர் சொன்னது இது: "ஐயா, சம்பளச் சீட்டுல இருபது மணி நேரம் சரியா இருக்கும். அதுக்கு மேல செய்யுறதக் கையில குடுப்பாரு, மணிக்கு ஆறு பவுன்." சட்டம் விதித்த கூலியில் பாதிகூட இல்லை. ஏன் கேட்கவில்லை என்றோம். ஒருமுறை கேட்டிருக்கிறார். முதலாளி கோபப்படவில்லையாம், சிரித்துக்கொண்டே, "தம்பி, ஒன் விசா என்னன்னு எனக்குத் தெரியும்ல" என்றாராம். அதன் பிறகு இவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும்? குறைந்த கூலி கொடுத்த முதலாளிக்கு அபராதம் வரலாம், வராமலும் போகலாம். 20 மணி நேரத்தைத் தாண்டிய மாணவர் விசாவை இழக்கக்கூடும். படிப்பு பாதியில் நிற்கும். தோட்டத்துப் பத்திரம் வங்கியில் கிடக்கும். குற்றம் இருவர் சேர்ந்து செய்தது. ஆனால் தராசில் ஒருவருடைய தட்டில் மட்டும்தான் வாழ்க்கை வைக்கப்பட்டிருக்கிறது.

இது ஒற்றைக் கடையின் கதை என்று தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் 2015 ஆகஸ்டில் 'செவன் இலெவன்' கடைத்தொடரின் கிளைகளில் நடந்தவற்றை ஏபிசி தொலைக்காட்சியும் ஃபேர்ஃபாக்ஸ் நாளிதழ்களும் வெளிக்கொணர்ந்தபோது உலகமே அறிந்தது. வேலை செய்தவர்களில் பலர் இந்தியத் துணைக்கண்டத்து மாணவர்கள். 40 மணி நேர உழைப்பை 20 என்று எழுதி, 20க்கு மட்டும் கூலி தருவது அங்கே நடைமுறையாக இருந்தது. தாளில் பார்த்தால் சட்டக் கூலி. உண்மையில் அரைக் கூலி. முணுமுணுத்தவரிடம் குடிவரவுத் துறைக்குச் சொல்லிவிடுவோம் என்றார்கள். மாணவரைக் காக்கவென்று எழுதப்பட்ட வரம்பு, முதலாளியின் கையில் சாட்டையாக மாறியது. பின்னர் அந்நிறுவனம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பாக்கி ஊதியமாக வழங்க நேர்ந்தது.

மறுபக்கம், கணக்கை ஒளிக்காதவருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் கனடாவின் ஒன்டாரியோவில் பஞ்சாப் மாணவர் ஒருவர் லாரி ஓட்டிச் செல்கையில் காவலரால் நிறுத்தப்பட்டார். படிப்பு முடியச் சில நாள்களே இருந்தன. வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார் என்பதே அவர் மீதான குற்றம். 2019இல் அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. லாரி ஓட்டுநரின் மணிக்கணக்கு ஏட்டில் பதிவாகிவிடும் ஒன்று, அதனால் அகப்பட்டார். கடையின் பின்கட்டில் ரொக்கமாகக் கூலி வாங்குபவர் எந்த ஏட்டிலும் இல்லை. நேர்மையாகக் கணக்கு வைப்பவரைப் பிடித்து, ஒளித்து வைப்பவரை விட்டுவிடும் விதி, ஒளித்து வைக்கவே கற்றுக்கொடுக்கிறது.

எல்லை தாண்டி வேலைக்குப் போவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்கிவரும் பெண்கள் பல ஆயிரம். அந்த வேலையில் சுகமொன்றும் இல்லை. ஜீப்பில் ஆளை அடைக்கும் அடைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கூலி இன்னதென்று முன்பே பேசப்படுகிறது. கூலி குறைந்தால் ஒருத்தி வாய்விட்டுச் சண்டை போடலாம். மறுநாள் வேறு ஜீப்பில் ஏறலாம். சண்டை போட்டதற்காக அவளை யாரும் கேரள எல்லையிலிருந்து திருப்பி அனுப்ப முடியாது. அந்தத் தாயின் மகன் முதுகலை மாணவராகக் கடல் கடந்து போனதும் இழப்பது அந்த ஒரு சுதந்திரத்தைத்தான். நம் கல்லூரிகளிலும் வேலை செய்துகொண்டே படிப்போர் உண்டு. திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவர், துணிக்கடையில் மாலையில் நிற்பவர், இரவில் சந்தையில் மூட்டை இறக்குபவர் எல்லோரும் வகுப்பில் இருக்கிறார்கள். உழைப்பதில் அவர்களுக்கு வெட்கமில்லை, நமக்கும் இல்லை. நாம் எதிர்ப்பது உழைப்பையன்று, வாயைக் கட்டிப்போட்ட உழைப்பை.

ஆகவே வரம்பை அடியோடு நீக்கச் சொல்கிறோமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. வரம்பு நீங்கினால் மாணவர் விசா என்பது மலிவுக்கூலி விசாவாகிவிடும். கல்லூரி என்ற பெயரில் கடைக்கு ஆள் அனுப்பும் கூடங்கள் பெருகும். வரம்பு இருக்கட்டும். அதை மீறினால் விழும் அடி முதலில் யார் முதுகில் விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியா இதில் பட்டுத் தெளிந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் அங்கே விசா நிலையைக் காட்டி ஊழியரை மிரட்டுவது குற்றம். சுரண்டப்பட்டவர் புகார் செய்ய முன்வந்தால், அவர் வேலை நிபந்தனையை மீறியிருந்தாலும் விசா பறிபோகாமல் காக்க வழி செய்திருக்கிறார்கள். புகார் நடந்து முடியும்வரை தங்குவதற்குத் தனி விசாவும் உண்டு. பிரிட்டனும் கனடாவும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று இந்திய அரசு பேச வேண்டும். வணிக உடன்படிக்கைகளில் மதுவுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் வரி பேசுகிற நேரத்தில் இதற்கும் ஒரு வரி இடம் கிடைக்காதா?

அதைவிடக் கடினமானது உள்ளூர்ப் பக்கம். பகுதிநேர வருமானத்தைச் சுழியமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று நாம் மாணவர்களிடம் சொல்லும்போது, சிலர் முகத்தில் தெரியும் வாட்டத்தைக் கண்டிருக்கிறோம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தோட்டமும் வீடும் இல்லாதவர் போகவே முடியாது. கடல் கடந்த கல்வி மீண்டும் உயர்ந்தோர்க்கே உரியதாகிவிடும். இதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியல் சாதி முதலிய பிரிவினருக்கான நடுவண் அரசின் அயல்நாட்டு உதவித்தொகை நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள் மட்டுமே. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஏழை மாணவரிடம் பொறுமை பேசுவது அழகன்று. ஆனால் போகும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் இடமிருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலமும் சில பல்கலைக்கழகங்களும் விதிவிலக்கு. ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை மாணவர் முடக்கக் கணக்கில் செலுத்த வேண்டும். அதிலிருந்து மாதத்துக்கு 992 யூரோதான் எடுக்க முடியும். 28 நாள் வாடகைப் பணம் அங்கே பலிக்காது. முதலில் கசக்கும் விதி. ஆனால் போய் இறங்கும் மாணவர் கையில் உண்மையிலேயே சோற்றுக்குப் பணம் இருக்கும். மொழி கற்க வேண்டுமே என்பார்கள். தமிழும் ஆங்கிலமும் படித்தவருக்கு மூன்றாவது மொழி அத்தனை பெரிய மலையா?

முகவர்கள் செய்தி இன்னும் மிச்சமிருக்கிறது. 1983இல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோரைப் பதிவு செய்யச் சொன்னது. படிப்புக்கு ஆள் அனுப்புவோர் அதன் கைக்கு எட்டாதவர்கள். பஞ்சாப் 2012இல் தனிச் சட்டம் இயற்றி இத்தகைய ஆலோசனை நிலையங்களையும் உரிமம் பெறச் செய்தது. அதனால் அங்கே ஏமாற்று ஒழிந்துவிடவில்லை என்றாலும், புகார் கொடுக்க ஒரு வாசலாவது உண்டு. தமிழ்நாட்டிலும் அந்த வாசல் வேண்டும். அதுவரை கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. முகவர்கள் நம் வளாகங்களுக்குள் கருத்தரங்கம் நடத்த இடம் கேட்டு வருகிறார்கள்; குத்துவிளக்கும் பொன்னாடையுமாக வரவேற்பு நடக்கிறது. இனி இடம் கேட்டு வருகிறவரிடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கோடைக்காலம் விடுமுறையா பருவமா, வரம்பை மீறினால் விசா என்னவாகும் என்ற மூன்றுக்கும் தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட விடையை முதலில் வாங்கி, துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அதன் பிறகு அரங்கத்தின் சாவியைக் கொடுக்கலாம்.